பாதி ஃபிலிம்... முழுத்திரை! காசை மிச்சம் பிடித்த கேமராக்களின் கதை

மாலை ஐந்து மணி. வள்ளூர் கூட்டுச்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கின்றன. தூரத்தில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் மீது மஞ்சள் வெயில் விழுகிறது. கையில் போன் இருக்கும் எந்தப் பையனுக்கும் இங்கே ஒரு வீடியோ எடுக்கத் தோன்றும். எடுத்ததும் என்ன செய்வான்? எடிட்டிங் ஆப்பைத் திறந்து, படத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு கறுப்புப் பட்டைகளைப் போடுவான். அவ்வளவுதான், சினிமா 'லுக்' வந்துவிடும்!

அந்தக் கறுப்புப் பட்டைக்குப் பின்னால் இருந்த படம் என்ன ஆனது? வீண்தான். 1920-க்கு 1080 பிக்ஸல் அளவில் எடுத்த வீடியோவை 2.35:1 என்ற சினிமாஸ்கோப் அளவுக்கு மறைத்தால், உயரத்தில் மிஞ்சுவது 817 வரிகள். கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு காலி. போனில் இது பெரிய விஷயமில்லை. பிக்ஸலுக்கு யாரும் காசு கேட்பதில்லை.

ஆனால், ஃபிலிம் ஓடிய காலத்தில் அப்படி இல்லை. கேமராவுக்குள் போகும் ஒவ்வோர் அடிக்கும் விலை உண்டு. கழுவ ஒரு கட்டணம், பிரதி போட இன்னொரு கட்டணம். அந்தக் காலத்தில் சிலர் யோசித்தார்கள்: 'கறுப்புப் பட்டைக்குள் மறையப்போகும் இடத்துக்கு எதற்காக ஃபிலிம் ஓட வேண்டும்?' அந்த ஒரு கேள்வியால் கேமராவின் வயிற்றைப் பிரித்து, பல்சக்கரத்தை மாற்றி, பாதி ஃபிலிமில் முழு அகலப் படம் எடுத்தார்கள். உலகமே விசிலடித்துப் பார்த்த கௌபாய் படங்கள் அப்படி வந்தவைதான். நம் நாட்டின் 'ஷோலே'வும் இந்தச் சிக்கனக் குடும்பத்தில் ஒரு பிள்ளைதான்!

வள்ளூர் டு ராயபுரம்... ஒரே சுருள்!

முதலில் ஒரு சின்னக் கணக்கு. சினிமாவில் பெரும்பாலும் பயன்பட்டது 35 மில்லிமீட்டர் அகலமுள்ள ஃபிலிம். அதன் இரு ஓரங்களிலும் வரிசையாகத் துளைகள் இருக்கும். கேமராவுக்குள் நகம் போன்ற ஒரு சின்னக் கொக்கி அந்தத் துளையில் மாட்டி, ஃபிலிமைக் கீழே இழுக்கும். ஓர் இழுப்புக்கு நான்கு துளை. அந்த நான்கு துளை உயரத்தில்தான் ஒரு படம், அதாவது ஒரு ஃப்ரேம் பதிவாகும். நொடிக்கு 24 ஃப்ரேம்.

ஓர் அடி ஃபிலிமில் 16 ஃப்ரேம்கள். அப்படியானால் ஒரு நிமிடத்துக்கு 90 அடி. ஆயிரம் அடி சுருள் பதினோரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். தோளில் வைத்து எடுக்கும் சிறிய கேமராக்களில் போடும் 400 அடி சுருள், நாலரை நிமிடம்கூடத் தாங்காது.

இரண்டரை மணி நேரப் படம் ஒன்றின் நீளம் மட்டும் 13,500 அடி. எடுத்ததெல்லாம் படத்தில் வருவதில்லையே! ஒரு கணக்குக்கு, படத்தில் வருவதைப் போல ஐந்து மடங்கு எடுத்ததாக வைத்துக்கொண்டால் 67,500 அடி. இருபது கிலோமீட்டருக்கும் மேல்! வள்ளூரில் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நேர்கோட்டில் நீட்டினால், மறுமுனை அத்திப்பட்டு, எண்ணூர், திருவொற்றியூரையெல்லாம் தாண்டி ராயபுரத்தைத் தொட்டுவிடும்.

இவ்வளவு ஃபிலிமும் எங்கிருந்து வந்தது? ஊட்டியில் 1960-ல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் கறுப்பு வெள்ளை ஃபிலிம் தயாரித்தது. கலர் நெகட்டிவ் என்றால் வெளிநாடுதான் கதி. அந்நியச் செலாவணி தட்டுப்பாடாக இருந்த காலம். இறக்குமதிக்கு லைசென்ஸ் வேண்டும். அதனால்தான் அந்த நாளில் நடிகர்கள் பலமுறை ஒத்திகை பார்த்துவிட்டுக் கேமரா முன்னால் வந்தார்கள். இயக்குநர் 'ஒன் மோர்' கேட்டால், தயாரிப்பாளருக்கு வயிற்றைக் கலக்கும்.

திரையை அகலமாக்கிய லென்ஸ்

1950-களில் அமெரிக்க வீடுகளுக்குள் டி.வி நுழைந்தது. தியேட்டரில் கூட்டம் குறைந்தது. வீட்டுப் பெட்டியில் கிடைக்காத ஒன்றைத் தியேட்டரில் கொடுத்தாக வேண்டும் என்று ஹாலிவுட் கம்பெனிகள் தவித்தன. ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனம், 1953-ல் 'தி ரோப்' படத்தின் மூலம் சினிமாஸ்கோப்பைக் கொண்டுவந்தது.

அதன் சூட்சுமம் லென்ஸில் இருந்தது. பிரான்ஸைச் சேர்ந்த விஞ்ஞானி ஆன்ரி கிரெத்தியன் பல வருடங்களுக்கு முன்பே உருவாக்கிய முறை அது. 'அனமார்ஃபிக்' என்று பெயர். அகலமான காட்சியை இந்த லென்ஸ் பக்கவாட்டில் இரண்டு மடங்கு நெருக்கி, வழக்கமான ஃபிலிமிலேயே பதித்துவிடும். நெகட்டிவில் பார்த்தால் ஆட்கள் எல்லாம் ஒட்டடைக்குச்சி போல ஒல்லியாக இருப்பார்கள். தியேட்டரில் புரொஜெக்டர் முன்னால் இருக்கும் இன்னொரு லென்ஸ் அதை விரித்து, திரை முழுக்கப் பரப்பும்.

இந்தியாவில் சினிமாஸ்கோப்பில் எடுக்கப்பட்ட முதல் படம் குரு தத் இயக்கிய 'காகஸ் கே பூல்', 1959-ல் வந்தது. தமிழுக்கு அது வர இன்னும் 14 வருடங்கள் ஆயின. 1973-ல் ஏ.பி.நாகராஜன் இயக்கத்தில் சிவாஜி கணேசன் நடித்த 'ராஜராஜ சோழன்'தான் தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம். தயாரித்தவர், மவுன்ட் ரோடு ஆனந்த் தியேட்டரின் உரிமையாளர் ஜி.உமாபதி. சோழ மன்னனின் தர்பாரைக் காட்ட அகலத்திரை கச்சிதமாகப் பொருந்தியது.

ஆனால், அனமார்ஃபிக்கில் சில தொல்லைகள் இருந்தன. லென்ஸ் கனம், விலையோ வாடகையோ அதிகம், வெளிச்சமும் நிறைய கேட்கும். ஆரம்பகால லென்ஸ்களில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. முகத்துக்குப் பக்கத்தில் போய் குளோசப் எடுத்தால், கன்னம் இரண்டும் உப்பித் தெரியும். ஹாலிவுட்காரர்கள் அதற்கு வைத்த பெயர் 'மம்ப்ஸ்'. நம் ஊரில் சொல்வோமே, பொன்னுக்கு வீங்கி... அதேதான்! எந்தக் கதாநாயகிதான் இதற்குச் சம்மதிப்பார்?

இத்தனைக்குப் பிறகும் ஃபிலிம் செலவில் ஒரு பைசா குறையவில்லை. சினிமாஸ்கோப்பிலும் ஒரு ஃப்ரேமுக்கு நான்கு துளைதான்.

ரோமில் பிறந்த யோசனை

இந்த இடத்தில்தான் இத்தாலி உள்ளே வருகிறது. ரோம் நகரில் இருந்த டெக்னிகலர் நிறுவனத்தின் கிளை, 1960-ல் 'டெக்னிஸ்கோப்' என்ற முறையை அறிமுகம் செய்தது. யோசனை ரொம்ப எளிது. அகலப் படத்துக்கு உயரம் குறைவுதானே? அப்படியானால் ஒரு ஃப்ரேமுக்கு நான்கு துளை எதற்கு? இரண்டு போதும்!

22 மில்லிமீட்டர் அகலம், ஒன்பதரை மில்லிமீட்டருக்குச் சற்றே குறைவான உயரம். இரண்டு துளை இடைவெளியில் இந்த மெல்லிய ஃப்ரேம் அளவெடுத்துத் தைத்தது போல உட்கார்ந்துவிட்டது. அகலமும் உயரமும் சேர்ந்த விகிதம், சினிமாஸ்கோப்பின் அதே விகிதம். அனமார்ஃபிக் லென்ஸ் தேவையில்லை. சாதாரண லென்ஸே போதும்.

கேமராவில் என்னென்ன மாற்ற வேண்டும்?

ஒன்று, ஃபிலிமை இழுக்கும் கொக்கியும் அதை இயக்கும் பல்சக்கரமும். நான்கு துளை இழுத்த கொக்கி, இனி இரண்டு துளை மட்டும் இழுக்க வேண்டும். இரண்டு, 'கேட்' எனப்படும் ஜன்னல். ஃபிலிம் மீது வெளிச்சம் விழும் அந்தத் திறப்பின் உயரத்தைப் பாதியாக்க வேண்டும். மூன்று, கேமராமேன் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் இருக்கும் கண்ணாடித் தகடு. அதில் புது அளவுக்குக் கோடு போட வேண்டும். மோட்டார், ஃபிலிம் பெட்டி, பெரும்பாலான லென்ஸ்கள் எல்லாம் பழையவைதான்.

ஜெர்மனியின் ஆரி நிறுவனம், உலகெங்கும் புழக்கத்தில் இருந்த தன் 'ஆரிஃப்ளெக்ஸ் 2சி' கேமராவை டெக்னிஸ்கோப்புக்கு ஏற்றபடியும் செய்துகொடுத்தது. தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு வசதியான சின்னக் கேமரா. அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நம் ஊர்ப் பக்கமும் வரப்போகிறது.

பலன்? நிமிடத்துக்கு 90 அடி குடித்த கேமரா, 45 அடியோடு நின்றது. ஆயிரம் அடி சுருள் 22 நிமிடம் ஓடியது. 400 அடி சுருள் ஒன்பது நிமிடத்தை நெருங்கியது. நாம் நீட்டிய அந்த ராயபுரம் சுருள், பாதி நீளத்தோடு நின்றுவிடும். நெகட்டிவ் செலவும் அதைக் கழுவும் செலவும் பாதி!

கௌபாய் கண்ணும் சிக்கன ஃபிலிமும்

இந்தச் சிக்கன முறையை உலகப் புகழ் ஆக்கியவர் இத்தாலி இயக்குநர் செர்ஜியோ லியோனி. 1964-ல் வந்த 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' படத்தை டெக்னிஸ்கோப்பில் எடுத்தார். கையில் பெரிய பணமில்லை. அமெரிக்காவின் பாலைவனத்துக்குப் பதிலாக ஸ்பெயின் நாட்டின் வறண்ட நிலம். கதாநாயகன், அப்போது அமெரிக்க டி.வி தொடரில் நடித்துக்கொண்டிருந்த கிளின்ட் ஈஸ்ட்வுட். அதன் பிறகு 1966-ல் 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி', 1968-ல் 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் தி வெஸ்ட்' என்று டெக்னிஸ்கோப்பிலேயே தொடர்ந்தார்.

லியோனி படம் என்றாலே நினைவுக்கு வருவது என்ன? திரை முழுக்க இரண்டு கண்கள். அடுத்த ஷாட்டில், கண்ணுக்கெட்டிய தூரம் வரை பொட்டல்காடு. இது அவருடைய ரசனைதான். ஆனால், கேமராவும் கைகொடுத்தது. சாதாரண லென்ஸ் என்பதால் முகத்துக்கு எவ்வளவு பக்கத்திலும் போகலாம், பொன்னுக்கு வீங்கி பயமில்லை. அனமார்ஃபிக்கில் 50 மி.மீ. லென்ஸ் காட்டும் அகலத்தை இதில் 25 மி.மீ. லென்ஸே காட்டிவிடும். லென்ஸின் அளவு குறையக் குறைய, பக்கத்தில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஒருசேரத் தெளிவாகத் தெரியும். துப்பாக்கியும் தெளிவு, அதற்கு அப்பால் நிற்கும் எதிராளியும் தெளிவு!

காசில்லாததால் தேடிய வழி, கடைசியில் ஒரு பாணியாகவே மாறிப்போனது. 1973-ல் ஜார்ஜ் லூகாஸ், 'அமெரிக்கன் கிராஃபிட்டி' படத்தைக் குறைந்த பட்ஜெட்டில் எடுத்தபோது அவரும் டெக்னிஸ்கோப்பைத்தான் தேர்ந்தெடுத்தார். 'ஸ்டார் வார்ஸ்' எடுப்பதற்கு நான்கு வருடங்களுக்கு முந்தைய லூகாஸ்!

கௌபாய் காற்று தமிழ்நாட்டுப் பக்கமும் வீசியது. ஒளிப்பதிவாளராக இருந்து இயக்குநரான கர்ணன், ஜெய்சங்கரைக் குதிரையில் ஏற்றி 'காலம் வெல்லும்' (1970), 'கங்கா' (1972) ஆகிய படங்களை எடுத்தார். பிற்பாடு 2010-ல் சிம்புதேவனின் 'இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்' அதே கௌபாய் உலகத்தைக் கிண்டல் கலந்து கொண்டுவந்தது. தொப்பியும் துப்பாக்கியும் கோடம்பாக்கத்துக்கு வந்துவிட்டன. ஆனால், அகலத்திரைக்குத் தமிழ் சினிமா பிடித்துக்கொண்ட வழி அனமார்ஃபிக் லென்ஸ்தான்.

சிக்கனத்துக்கும் ஒரு விலை

பாதி ஃபிலிமில் வேலை முடியும் என்றால், உலகமே ஏன் இதற்கு மாறவில்லை?

முதல் காரணம், லேப். எடுப்பது இரண்டு துளையில். ஆனால் தியேட்டர் புரொஜெக்டர்களோ நான்கு துளையில் ஓடுபவை. ஆகவே, லேபில் இருக்கும் ஒரு தனி இயந்திரம் அந்த மெல்லிய ஃப்ரேமை உயரவாக்கில் இரண்டு மடங்கு இழுத்து, வழக்கமான சினிமாஸ்கோப் பிரதியாக மாற்ற வேண்டும். கேமராவை மட்டும் மாற்றினால் போதாது. இந்த வேலை தெரிந்த லேபும் வேண்டும். அந்த வசதி இல்லாத ஊரில், மிச்சம் பிடித்த ஃபிலிமால் பயனில்லை.

இரண்டாவது, புள்ளிகள். சின்ன நெகட்டிவைப் பெரிய திரைக்கு ஊதிப் பெரிதாக்கும்போது, ஃபிலிமில் இருக்கும் மணல் போன்ற துகள்களும் சேர்ந்து பெரிதாகும். படம் கொஞ்சம் சொரசொரப்பாகத் தெரியும்.

மூன்றாவது, தூசி. இரண்டு ஃப்ரேம்களுக்கு நடுவே இடைவெளியே இல்லை. கேட் ஓரத்தில் ஒரு முடி ஒட்டிக்கொண்டால் போதும், நேராகப் படத்துக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். ஃபிலிமை வெட்டி ஒட்டிய தடமும் திரையில் தெரிந்துவிடும். உதவிக் கேமராமேன் ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் கேட்டைத் திறந்து பார்த்தாக வேண்டும்.

டெக்னிகலரிடம் அப்போது ஒரு நல்ல அச்சு முறை இருந்தது. துணிக்குச் சாயம் ஏற்றுவது போல ஒவ்வொரு வண்ணமாக ஃபிலிமில் ஏற்றுவார்கள். டெக்னிஸ்கோப் நெகட்டிவிலிருந்து இடையில் வேறு பிரதி எடுக்காமல் நேரடியாக இந்த அச்சுக்குப் போக முடிந்ததால், தரம் பெரிதாகக் கெடவில்லை. 1970-களில் அந்த நிறுவனம் இந்த முறையைக் கைவிட்டது. அதன் பிறகு இடைப்பிரதி எடுத்துத்தான் ஆக வேண்டும். சொரசொரப்பு கூடியது. டெக்னிஸ்கோப்பும் மெல்ல ஓரம் கட்டப்பட்டது.

'ஷோலே' செய்த தந்திரம்

இத்தாலியில் ஃபிலிமைப் பாதியாக்கினார்கள் என்றால், இந்தியாவில் இன்னொரு வழி கண்டுபிடித்தார்கள்.

1970-களில் ரமேஷ் சிப்பி 'ஷோலே'வைத் திட்டமிட்டபோது, அதை 70 எம்.எம். படமாகக் காட்ட ஆசைப்பட்டார். முறைப்படி 70 எம்.எம். எடுக்க வேண்டுமென்றால் 65 மி.மீ. நெகட்டிவ் ஓடும் பெரிய கேமரா வேண்டும். அதன் செலவு கட்டுப்படியாகாது. என்ன செய்தார்கள்? வழக்கமான 35 மி.மீ. ஃபிலிமிலேயே எடுத்தார்கள். எடுத்தது எந்தக் கேமராவில் தெரியுமா? ஆரி 2சி!

ஒளிப்பதிவாளர் துவாரகா திவேச்சா செய்த மாற்றம் ரொம்பச் சின்னது. கண்ணாடித் தகட்டில் மேலேயும் கீழேயும் கோடு போட்டு, 70 எம்.எம்.மில் எது தெரியும், எது தெரியாது என்று குறித்துக்கொண்டார். அந்தக் கோடுகளுக்குள்தான் வீருவும் ஜெய்யும் கப்பரும் நின்றார்கள். படப்பிடிப்பு நடந்தது நமக்குப் பக்கத்திலேயே, பெங்களூருவை அடுத்த ராமநகரம் பாறைகளில்.

பிறகு லண்டனில் அந்த 35 மி.மீ. படத்தை 70 மி.மீட்டருக்குப் பெரிதாக்கினார்கள். படத்தின் உயரம் குறைந்து, விகிதம் 2.2:1 ஆனது. 70 எம்.எம். வசதி இல்லாத தியேட்டர்களுக்கு 35 மி.மீ. பிரதிகள் போயின. ஒரே நெகட்டிவ், இரண்டு விதத் திரை. ஃபிலிமைப் பாதியாக வெட்டியிருந்தால் இந்த வசதி கிடைத்திருக்காது. 1975 ஆகஸ்ட் 15 அன்று படம் வெளியானது. லியோனியின் கௌபாய் படங்களின் சாயல் அதில் இருப்பதை அப்போதே ரசிகர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

தமிழில் 70 எம்.எம். வந்தது 1986-ல், ரஜினிகாந்தின் 'மாவீரன்' மூலம். அகலமான படத்தோடு, ஆறு டிராக் ஸ்டீரியோ ஒலியும் சேர்ந்து வந்தது. திரைக்குப் பின்னால் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த சத்தம், சுவர்களிலிருந்தும் கேட்டது.

பெயரிலேயே 70 எம்.எம்.!

அந்தக் காலத்தில் '70 எம்.எம்.' என்பது ஒரு பட்டம் மாதிரி. தியேட்டர்கள் அதைப் பெயரோடு சேர்த்துக்கொண்டன. வடசென்னைவாசிகளுக்கு உடனே நினைவுக்கு வருவது, தண்டையார்பேட்டை 'அகஸ்தியா 70 எம்.எம்.' கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயில் தடத்தில் இருக்கும் மீஞ்சூர், அத்திப்பட்டு, எண்ணூர் பக்கத்து மக்களுக்குப் பட்டணத்தின் பெரிய திரை அங்கிருந்துதான் தொடங்கும். 1967-ல் திறக்கப்பட்ட அந்தத் தியேட்டர், கொரோனா காலத்தில் 2020-ல் நிரந்தரமாக மூடப்பட்டது. 'ராஜராஜ சோழ'னைச் சினிமாஸ்கோப்பில் தயாரித்தவரின் ஆனந்த் தியேட்டரும் இன்று இல்லை.

தியேட்டர் போனதற்கு முன்பே ஃபிலிம் போய்விட்டது. நடுவில் ஃபிலிமைச் சிக்கனமாக்க இன்னும் சில முயற்சிகள் நடந்தன. ஸ்வீடன் ஒளிப்பதிவாளர் ரூனே எரிக்சன், நான்கு துளைக்குப் பதில் மூன்று துளை என்ற நடுவழியைக் கொண்டுவந்தார். இதில் கால் பங்கு ஃபிலிம் மிச்சம். ஜேம்ஸ் கேமரூன், ஒலித்தடத்துக்காக ஒதுக்கிய ஓரத்தையும் சேர்த்துப் படம் பதிக்கும் 'சூப்பர் 35' முறையில் 'டைட்டானிக்' எடுத்தார்.

பிறகு, நெகட்டிவைக் கம்ப்யூட்டரில் ஸ்கேன் செய்யும் வசதி வந்தது. லேபில் இழுத்துப் பெரிதாக்கும் வேலையைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொண்டது. இரண்டு துளை முறைக்கு மறுபடி உயிர் வந்தது. பிரான்ஸின் ஆட்டான் நிறுவனம் 2008-ல் 'பெனலோப்' என்ற கேமராவை வெளியிட்டது. இரண்டு துளை, மூன்று துளை என எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால், காலம் கடந்துவிட்டது. 2012-ல் கோடாக் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. 2013-ல் ஃபியூஜி, சினிமா படப்பிடிப்புக்கான ஃபிலிம் தயாரிப்பை நிறுத்தியது. தமிழ் சினிமாவும் டிஜிட்டலுக்கு மாறிவிட்டது. கேமராக்கள் கண்ணாடி அலமாரிக்குள் போயின.

நெகட்டிவ் அழிந்தது... கோடு காப்பாற்றியது!

கதை இதோடு முடியவில்லை. 'ஷோலே'வின் 50-வது ஆண்டை ஒட்டி, ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் அந்தப் படத்தை மீட்டெடுக்க இறங்கியது. கேமராவில் ஓடிய மூல நெகட்டிவ் மோசமாகச் சிதைந்திருந்தது. 70 எம்.எம். பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை. லண்டனிலும் மும்பையிலும் கிடைத்த இடைப்பிரதிகளை வைத்துத்தான் வேலை நடந்தது.

அவை 35 மி.மீ. பிரதிகள். அப்படியானால், 1975-ல் ரசிகர்கள் பார்த்த 70 எம்.எம். படத்தில் மேலேயும் கீழேயும் எவ்வளவு தெரிந்தது? அதற்குப் பதில் தந்தது அன்று கண்ணாடித் தகட்டில் போட்ட கோடுகள் பற்றிய நினைவு. திவேச்சாவுடன் பணியாற்றிய ஒளிப்பதிவாளர் கம்லாக்கர் ராவ் அந்த விவரத்தைச் சொன்னார். 'ஷோலே' எடுத்த ஆரி 2சி கேமராவும் கிடைத்தது. 2025 ஜூனில் இத்தாலியின் பொலோன்யா நகரில், திறந்தவெளியில், 2.2:1 அளவில் 'ஷோலே' மறுபடி ஓடியது. டெக்னிஸ்கோப் பிறந்த அதே நாட்டில்!

ஒரு ஃபிலிம் தொலைந்தால் படம் மட்டும் போவதில்லை. அதை எப்படிப் பார்க்க வேண்டும் என்ற விவரமும் சேர்ந்து போய்விடுகிறது. எந்த லென்ஸ், எத்தனை துளை, எங்கே கோடு... இவையெல்லாம் பெரும்பாலும் புத்தகத்தில் இல்லை. அந்தக் கேமராவைத் தோளில் சுமந்தவர்களிடமும், புரொஜெக்டர் ரூமில் கார்பன் வெளிச்சத்தில் நின்ற ஆபரேட்டர்களிடமும்தான் இருக்கின்றன. அவர்களுக்கும் வயதாகிறது. உங்கள் தெருவில், உங்கள் வீட்டில் அப்படி ஒரு தாத்தா இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனில் ரெக்கார்டிங்கை ஆன் செய்யுங்கள். அவர் சொல்வதைப் பதிவு செய்ய ஃபிலிம் செலவு கிடையாது.

போனில் அகலத்திரை: நீங்களும் செய்யலாம்!

* போனைப் படுக்கவைத்துப் பிடியுங்கள். நிறுத்திப் பிடித்து எடுத்த வீடியோவை அகலத்திரை ஆக்கினால் மிஞ்சுவது ஒரு கீற்றுதான்.

* பட்டையைப் பிறகு போடலாம் என்று விட்டுவிடாதீர்கள். படம் தெரியும் பகுதியை ஸ்கேலால் அளந்து, அதன் மேலும் கீழும் எட்டில் ஒரு பங்கு உயரத்துக்கு மெல்லிய டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். அதற்குள்ளேயே காட்சியை அமையுங்கள். திவேச்சா போட்ட கோடு இதுதான்!

* தலையும் காலும் டேப்புக்குள் போய்விட்டால் ஒரு அடி பின்னால் தள்ளி நில்லுங்கள். ஜூமைத் தொட வேண்டாம்.

* அகலத்தில் ஆளை நடுவில் நிறுத்தாமல் ஓர் ஓரமாக நிறுத்திப் பாருங்கள். மிச்ச இடத்தில் ஊர் வந்து உட்காரும்.

* நாலரை நிமிடம்தான் ஃபிலிம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு எடுங்கள். இரண்டு முறை ஒத்திகை, ஒரு முறை 'ஆக்‌ஷன்'. பத்து முறை எடுத்துப் பத்தையும் அழிப்பதைவிட இது நன்றாக வரும்.

வள்ளூரில் வெயில் இறங்கிவிட்டது. லாரிகளின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிகின்றன. போனில் டேப் ஒட்டிப் பார்த்தால் தெரியும்: சாலை, விளக்கு வரிசை, புகைபோக்கி மூன்றும் அந்த மெல்லிய சட்டத்துக்குள் அடங்கும். வெறும் வானமும் வெறும் தார்ச்சாலையும் டேப்புக்கு அடியில் போய்விடும். அறுபது வருடங்களுக்கு முன்பு ரோமில் ஒருவர் வேண்டாம் என்று ஒதுக்கியதும் அந்த இடத்தைத்தான்!